இங்கா நீட்டிய இடது கால்

கோய்வின்ஸ்க் நகரில் ஜோயா கிலெவாவைத் தெரியாதவர் எவருமில்லை. அவள் எதில் ஜெயித்தாள் என்று சரியாகச் சொல்லத் தெரிந்தவரும் எவருமில்லை. காகித ஆலை வாசலில் ஊர்ப் பெருமைகளின் படங்களை மாட்டிவைக்கும் பலகையில் அவள் படம் ஒன்பது ஆண்டு தொங்கியது. கீழே 'மல்யுத்த வீராங்கனை' என்று எழுதியிருந்தார்கள். அவள் வாழ்நாளில் மல்யுத்தம் செய்ததில்லை. அவளுடையது சாம்போ, எதிராளியின் கை கால்களை முறுக்கி மடக்கும் ரஷ்யத் தற்காப்புக் கலை. மூன்று முறை ரஷ்யச் சாம்பியன், ஒரு முறை உலகப் போட்டியில் வெள்ளி. பலகைக்குப் பொறுப்பானவரிடம் போய்ச் சொன்னாள். உடனே திருத்துகிறேன் என்றார். மறுவாரம் புதுப் படம் வந்தது, பழைய எழுத்தோடு.

அதுகூடப் பரவாயில்லை. ரொட்டிக் கடையில் நிற்கும் க்ளாவா அத்தையின் விசாரிப்பைத்தான் அவளால் தாங்க முடியாது.

"மறுபடி ஜெயிச்சிட்டியாமே, ஜோய்க்கா! கண்ணு! இது ஒலிம்பிக்ல வருமா?"

"வராது, அத்தை."

"ஆ..."

அந்த 'ஆ'வில் ஏளனம் எதுவும் இல்லை. நோயாளியைப் பார்க்கப் போய், இன்னும் எழுந்து நடக்கவில்லை என்று கேட்டதும் வருமே, அந்த இரக்கம்தான் இருந்தது. பன்னிரண்டு வருடம் ஜோயா அதைக் கேட்டாள். பேருந்து ஓட்டுநரிடம், பல் வைத்தியரிடம், சொந்த அப்பாவிடம். பிறகு, இருபத்தாறாவது வயதில், மற்றப் பெண்கள் முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயதில், ஜூடோவுக்குப் போனாள். நிருபர்களிடம் புதிய சவால், புதிய எல்லை என்றெல்லாம் சொன்னாள். உண்மையில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. க்ளாவா அத்தை வாயைத் திறக்கும்போது 'ஆ' வரக்கூடாது.

சாம்போவில் எடைப் பிரிவு ஐம்பத்தாறு கிலோ, ஜூடோவில் ஐம்பத்தேழு. ஜூடோ அவளுக்குக் கொடுத்த ஒரே சலுகை அந்த ஒரு கிலோதான். மற்றபடி எல்லாம் தலைகீழ். சாம்போவில் கழுத்தை நெரிக்கக் கூடாது, காலை முறுக்கலாம். ஜூடோவில் கழுத்தை நெரிக்கலாம், காலைத் தொடவே கூடாது. தொட்டால் எச்சரிக்கைகூடக் கிடையாது, நேராக வெளியே. இந்த விதி புதிது. விதி எழுதியவர்கள் ஜோயாவின் கைகளைக் கேட்டுக்கொண்டு எழுதவில்லை. அந்தக் கைகள் பதினேழு வருடமாக எதிராளியின் கணுக்காலைத் தேடித் தேடிப் பிழைத்தவை.

அவளை முதலில் பாயில் இறக்கியவள் ரூஃபினா ஒசிப்பவ்னா, பள்ளியின் உடற்பயிற்சி ஆசிரியை. ஒன்பது வயது ஜோயா உணவுக்கூடத்தில் இரண்டு பையன்களைத் தரையில் உட்காரவைத்ததைப் பார்த்து, காலரைப் பிடித்துக் கலாச்சார மாளிகையின் நிலவறைக் கூடத்துக்கு இழுத்துப் போனாள். முதல் வருடம் முழுக்க விழ மட்டுமே கற்றுக்கொடுத்தாள். முன்னால், பின்னால், பக்கவாட்டில். ஐந்து வருடம் கழித்து ரூஃபினாவின் இடுப்பெலும்பு தேய்ந்துபோனது. ஜோயா பயிற்சியாளர் கெனாதி லூக்கிச்சின் கைக்கு மாறினாள்.

லூக்கிச்சைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. அதுதான் இந்தக் கதையின் சிக்கல். காய்ச்சலில் நடுங்கியவளைத் தன் ஆட்டுத்தோல் கோட்டில் சுற்றி, பத்தொன்பது மணி நேரம் தன் பழைய நீவா காரை ஓட்டிப் போட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அவள் அம்மா இறந்தபோது சவப்பெட்டியின் முன் மூலையைத் தூக்கியவர். கழுத்து என்று ஒன்று இல்லாத பெரிய உடம்பு. வாய் ஓயாது. "என் பொண்ணுங்க" என்பார். இருந்த பெண்கள் இரண்டே பேர், ஜோயாவும் இங்கா சுபோத்தினாவும்.

இங்கா பக்கத்து ஊரிலிருந்து பதினாறு வயதில் வந்தவள். ஜோயாவைவிட நான்கு வயது சின்னவள். அவளுக்குச் சாம்போ தெரியாது, ஜூடோ மட்டும்தான். முகாம்களில் எட்டு வருடம் இருவரும் ஒரே அறை, ஒரே சோப்பு, சில சமயம் ஒரே ஜோடிச் செருப்பு. இங்கா ஐம்பத்திரண்டு கிலோவில் இருந்தவரை எல்லாம் நன்றாக இருந்தது. ஜோயா ஜூடோவுக்குப் போன இரண்டாவது குளிர்காலத்தில் அவளும் ஐம்பத்தேழுக்கு வந்தாள்.

"பட்டினி கிடந்து கிடந்து பைத்தியம் பிடிக்குதுடி. கோபப்படாதே," என்றாள்.

"கோபமா? சாப்பிடு. ரெண்டு பேரும் சேர்ந்தே சாப்பிடலாம்," என்றாள் ஜோயா. அதை மனதாரத்தான் சொன்னாள்.

அதற்குச் சற்று முன்பு, இலையுதிர் காலத்தில் ஒரு நாள் லூக்கிச், பாயைத் துடைத்துக்கொண்டிருந்த ஜோயாவிடம் வந்து, தேநீர்க் கோப்பையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார்.

"போட்டிப் பதிவேட்டுல உன் வரி இருக்குல்ல. பயிற்சியாளர்னு ரெண்டு பேரு போடுறோம். ரூஃபினா, அப்புறம் நான்."

"ஆமா."

"எனக்கு 'ரஷ்யாவின் மதிப்புறு பயிற்சியாளர்' பட்டத்துக்கு எழுதிப் போட்டிருக்காங்க. ஆணையத்துல தெரிஞ்ச ஆள் சொல்றான், ரெண்டு பேரு இருந்தா கோப்பு நகராதாம். நீ ஐரோப்பாவுக்குப் போயி ஒரு மெடல் எடுத்தா... ஒரே பேரா இருந்தா நல்லது."

"ரூஃபினா ஒசிப்பவ்னாவை எடுத்துடச் சொல்றீங்களா?"

"அவங்களுக்கு இனிமே இதெல்லாம் எதுக்கு? கண்ணே தெரியல அவங்களுக்கு."

"கண்ணு தெரியாதவங்களுக்குத்தான் வரி பெருசா இருக்கணும், லூக்கிச்."

அவர் சிரித்தார். "சரி, விடு," என்றார். விட்டுவிட்டார் என்றே ஜோயா நம்பினாள். பதினான்கு வருடப் பழக்கத்தில் அவர் 'விடு' என்று சொல்லி விடாமல் இருந்ததில்லை.

மார்ச் மாதம் தேசிய முகாமில் முடிவு எடுக்க வேண்டியிருந்தது. ஐரோப்பியப் போட்டிக்கு ஐம்பத்தேழு கிலோவில் காலியாக இருந்தது ஒரே இடம். தலைமைப் பயிற்சியாளர் யாரையும் பகைத்துக்கொள்ள விரும்பாத மனிதர். அதனால் சனிக்கிழமை காலை ஒரே ஒரு சோதனைச் சண்டை என்றார். ஜெயித்தவள் போவாள். ஐரோப்பாவில் மேடை ஏறினால் ஒலிம்பிக் பட்டியல். ஜோயாவுக்கு வயது இருபத்தெட்டு. அடுத்த முறை என்று ஒன்று இல்லை.

ஜூடோ உலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே பயிற்சியாளரின் இரண்டு பேர் மோதினால் அவர் யார் பக்கமும் உட்கார மாட்டார். பாயின் இரு ஓரத்திலும் இரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். அவர் மேலே பார்வையாளர் வரிசைக்குப் போய்விடுவார். ஜோயாவுக்கு இந்த வழக்கத்தின் மேல் ஒரு மரியாதை உண்டு. மற்ற விளையாட்டுகளில் நேர்மையை விசில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள், நாங்கள் காலி நாற்காலி வைத்துக் காப்பாற்றுகிறோம் என்று ஒருமுறை பேட்டியில்கூடச் சொல்லியிருக்கிறாள்.

அன்றும் லூக்கிச் மேலே ஏறிப் போனார். போகும் வழியில் இருவர் தலையிலும் ஒரே மாதிரி தட்டிவிட்டுப் போனார்.

ஜோயா நன்றாகவே சண்டை போட்டாள். மூன்றாவது நிமிடத்தில் முன்னிலையில் இருந்தாள். இங்கா மூச்சு வாங்கினாள். இன்னும் ஐம்பது வினாடி. அப்போதுதான் இங்கா ஒரு விசித்திரமான காரியம் செய்தாள். எட்டு வருடமாகப் பின்னால் வைத்து நிற்கும் இடது காலை, விருந்தாளிக்குத் தட்டை நகர்த்துவது மாதிரி மெதுவாக முன்னால் நகர்த்தினாள். பாரமே இல்லாமல், விரல் நுனியில் நிற்கும் கால். சாம்போக்காரி கனவில் காணும் கால்.

ஜோயா போகவில்லை, கை போனது. அவளுக்குப் பிறகு ஞாபகம் இருந்ததெல்லாம், கணுக்கால் உள்ளங்கையில் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது என்பதுதான். அந்த அரை வினாடி அவள் மிகவும் சந்தோஷமாக இருந்தாள். நடுவர் நிறுத்தி, அவளை நடுவுக்குக் கூப்பிட்டு, வெளியே என்று கை காட்டினார்.

உடைமாற்றும் அறையில் லூக்கிச் வந்து அவளைத் தன் பெரிய அக்குளுக்குள் அணைத்துக்கொண்டார். அவள் அழுதாள். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"கைப்பழக்கம், பொண்ணே. உன் தப்பு இல்ல. கை தப்பு."

"முட்டாக் கை, லூக்கிச். வெட்டிப் போடணும்."

"வெட்டாதே. நவம்பர்ல சாம்போ இருக்கு," என்றார். அழுகைக்கு நடுவில் அவள் சிரித்துவிட்டாள். இவரை விட்டால் எனக்கு யார் என்று அன்று நினைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தோற்றவளை வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஜெயித்தவளுக்குப் பயிற்சித் துணையாக முகாமிலேயே வைத்துக்கொள்வார்கள். அவள் வேலை ஒரு நாள் போர்த்துகீசியக்காரியாக, மறுநாள் ஃபிரெஞ்சுக்காரியாக நின்று தூக்கி எறியப்படுவது. ஜோயா இதை முணுமுணுக்காமல் செய்தாள். இங்கா போய் ஜெயிக்கட்டும் என்றே நினைத்தாள்.

புதன்கிழமை நீராவிக் குளியல். மதிய உணவுக்குப் பிறகு பெண்கள் முறை. மற்றவர்கள் வெளியேறிவிட, மேல் பலகையில் இங்காவும் ஜோயாவும் மட்டும் இருந்தார்கள். இங்கா குப்புறப் படுத்திருக்க, ஜோயா குளியல் வழக்கப்படி பிர்ச் மர இலைக் கொத்தால் அவள் முதுகில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"ஜோய்க்கா... உண்மையைச் சொல்லு. என்னைப் பத்தி உன்கிட்ட என்ன சொன்னாரு?"

"யாரு?"

"லூக்கிச்தான். சண்டைக்கு முந்தின நாள். ஒண்ணும் வேணும்னு கேக்கல, தெரிஞ்சா நல்லதுன்னுதான். என் ஆட்டத்துல என்ன ஓட்டைன்னு."

"ஒண்ணும் சொல்லலியே."

"ஏய், பொய் சொல்லாதே. நீ கழுத்துப் பக்கமே வந்துட்டு இருந்தே. அதான் சொல்லியிருப்பாருன்னு நினைச்சேன்."

இலைக்கொத்து நின்றது.

"உன்கிட்ட என்னைப் பத்திச் சொன்னாரா?"

இங்கா திரும்பி உட்கார்ந்தாள். முகம் வெந்த பீட்ரூட் நிறத்தில் இருந்தது. அது நீராவியாகவும் இருக்கலாம்.

"ரெண்டு பேர்கிட்டயும் சொல்லியிருப்பாருன்னுதான்டி நினைச்சேன். சத்தியமா. ஆளுக்கு ஒண்ணு. அதுதானே நியாயம்?"

"என்ன சொன்னாரு?"

"கடைசி நிமிஷத்துல இடது காலை முன்னால வை, ஜோய்க்கா கை சும்மா இருக்காது, அப்படின்னாரு."

ஜோயா தண்ணீர்த் தொட்டியில் கொத்தைப் போட்டாள். துண்டுக்கு மேல் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஈரத் தலையோடு பனியில் நடந்து, ஆண்கள் கட்டடத்தில் லூக்கிச்சின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து சாக்ஸ் தைத்துக்கொண்டிருந்தார்.

"தலையைத் துவட்டு. சளி பிடிக்கும்," என்றார் முதலில்.

"காலை நீட்டச் சொன்னீங்களா?"

அவர் ஊசியைச் சாக்ஸிலேயே குத்தி வைத்தார். மறுப்பார் என்று எதிர்பார்த்து, அதற்கான பதிலோடு வந்திருந்தாள். அவர் மறுக்கவில்லை. பதிலுக்கு வேலையில்லாமல் போனது.

"சொன்னேன். உன்கிட்டயும் சொன்னேனே. ரெண்டு வருஷமா தினமும் சொல்றேன், காலைத் தொடாதே, காலைத் தொடாதேன்னு. அவகிட்ட ஒரே ஒரு தடவை சொன்னேன். கணக்குப் பார்த்தா உனக்குத்தான் அதிகம் சொல்லியிருக்கேன்."

"லூக்கிச்!"

"கத்தாதே. ரெண்டும் ஒரே பாடம்தான். நீ கேட்டிருந்தா அவ காலு சும்மா அங்கேயே நின்னிருக்கும்."

இதில் தப்பு எங்கே என்று ஜோயாவுக்கு உடனே பிடிபடவில்லை. இதுதான் அவரோடு வாதாடுவதில் உள்ள கஷ்டம். அவர் சொல்வதில் எப்போதும் ஒரு நியாயம் இருக்கும், அது எப்போதும் அவர் உட்கார்ந்திருக்கும் பக்கம் இருக்கும்.

"ரூஃபினா பேருக்காகத்தானே?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"எனக்கு அறுபத்தொண்ணு ஆகுது. நிலவறையில முப்பத்தாறு வருஷம் வேர்வை நாத்தத்துல இருந்திருக்கேன். இங்கா வரியில ஒரே பேரு. உன் வரியில நான் ரெண்டாவது. நான் உன்னைக் கெஞ்சினேன். நீ ஜோக் அடிச்சே."

"நீங்க சிரிச்சீங்க."

"அழவா முடியும்?"

அவளுக்கு ஏதாவது பெரிதாக நடக்க வேண்டும் போலிருந்தது. அவர் சாக்ஸை மறுபடி எடுத்தார். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். மெதுவாகத்தான் சாத்தினாள், ஏனென்று அவளுக்கே தெரியவில்லை.

அறையில் இங்கா கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"நான் போகல, ஜோய்க்கா. சத்தியமா போகல. இது உன் இடம்."

"உளறாதே."

"நாளைக்கு டாக்டர்கிட்டப் போறேன். முழங்கால் புடிச்சிருச்சுன்னு சொல்றேன். பழைய காயம்தான், ஸ்கேன்ல கூடத் தெரியும். அடுத்த பேரு நீதான். தானா உனக்கு வந்துரும்."

"வேண்டாம்டி."

"வேணும்! திருடின இடத்துல நான் நிப்பேனா? என்னை என்னன்னு நினைச்சே?"

"வேண்டாம்னு சொல்றேன்ல. நீதான் ஜெயிச்சே. படு."

"இல்ல, போவேன். அம்மா மேல ஆணை."

கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். இங்கா சீக்கிரம் தூங்கிவிட்டாள். ஜோயாவுக்குத் தன்னைப் பற்றி உயர்வாக இருந்தது. இப்படிப்பட்ட ஒன்றை வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்?

காலையில் உணவுக்கூடத்தில் அவள் இங்காவுக்கு முன்பே வந்து, மருத்துவர் அறைக் கதவு தெரியும்படியான மேசையில் உட்கார்ந்தாள். தற்செயலாகத்தான். இங்கா வந்தாள். ஒரு கிண்ணம் கோதுமைக் கஞ்சி எடுத்தாள். வெண்ணெய் போட்டுக் கிளறினாள். இரண்டாவது கிண்ணமும் எடுத்தாள். மருத்துவர் அறை திறந்தது. ஒரு பளுதூக்கும் பையன் போனான், வந்தான். கதவு திறந்தே இருந்தது.

ஒன்பதரைக்குப் பாயில் கூடினார்கள். இங்கா கயிறு தாண்டிக் குதித்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தாள்.

ஜோயா கேட்டிருக்கக் கூடாது. கேட்டாள்.

"முழங்கால் எப்படி இருக்கு?"

இங்கா அவளைப் பார்க்கவில்லை. கயிறு நிற்கவில்லை.

"இன்னிக்குப் பரவால்ல."

"ஆ," என்றாள் ஜோயா.

அன்று அவள் போர்த்துகீசியக்காரி. வலது பிடி, நிமிர்ந்த நிற்பு. நாற்பது முறை தூக்கி எறியப்பட்டாள். ஒவ்வொரு முறையும் ஒழுங்காக விழுந்தாள். அதிலும் ஒரு குறை வைத்திருக்கலாமோ என்று பின்னால் தோன்றியது. மாலை வண்டியில் ஊருக்குக் கிளம்பினாள். ஏன் என்று தலைமைப் பயிற்சியாளர் கேட்டதற்கு, வீட்டில் வேலை இருக்கிறது என்றாள். யாரையும் பகைக்க விரும்பாத அந்த மனிதர், வேலை என்ன என்று கேட்கவில்லை.

ஐரோப்பியப் போட்டியை ஜோயா தொலைக்காட்சியில் பார்க்கவில்லை. அப்பா பார்த்தார். சமையலறைக்குக் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டு பார்த்தார். இங்கா இரண்டு சண்டை ஜெயித்து, இரண்டு சண்டை தோற்று ஐந்தாவதாக வந்தாள். வெண்கலச் சண்டையில் போர்த்துகீசியக்காரி அவளை இடது பிடியில் எறிந்தாள். ஐந்தாவது இடத்துக்கு மேடை கிடையாது. மெடல் இல்லை, ஒலிம்பிக் பட்டியல் இல்லை, மதிப்புறு பட்டமும் இல்லை.

"உன் ஆளு கவுந்துட்டா," என்றார் அப்பா, ஆலைக்காரர்களுக்கே உரிய நயத்தோடு. "சந்தோஷமா?"

ஜோயா தேடிப் பார்த்தாள். சந்தோஷம் எங்கும் இல்லை. இதுவரை பறிபோனது அவள் இடம் மட்டும்தான். இப்போது அதை எதற்காகப் பறித்தார்களோ அதுவும் இல்லை. மூன்று பேரும் ஒரே கடையில் ஒரே சாமானை வாங்கப் போய்க் கடையைக் கொளுத்திவிட்டு வந்தது போலிருந்தது. அவளுக்கு அதுவே கூடுதல் எரிச்சல். குறைந்தது துரோகமாவது பலித்திருக்கலாம்.

பிறகு மூன்று வாரம் அவள் கூடத்துப் பக்கம் போகவில்லை. அந்த மூன்று வாரமும் லூக்கிச்சிடம் சொல்ல ஒரு வாக்கியத்தைச் செதுக்கினாள். பேருந்தில், குளியலறையில், ரொட்டி வரிசையில். முதலில் நீளமாக இருந்தது, ரூஃபினா ஒசிப்பவ்னா, அம்மாவின் சவப்பெட்டி, பத்தொன்பது மணி நேரப் பயணம் எல்லாம் அதில் இருந்தன. வெட்டி வெட்டிக் கடைசியில் ஒன்பது சொல்லுக்குக் கொண்டுவந்தாள். நல்ல வாக்கியம். கேட்டவன் அதன் பிறகு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க மாட்டான்.

ஒரு ஞாயிறு மதியம் அவள் பொசிகுன்சிக்கி என்ற, இறைச்சி வைத்த சின்னச் சோமாஸ்களைப் பொரித்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அப்பா எடுத்துவந்து அவள் காதில் வைத்துத் தோளால் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அவள் கையெல்லாம் மாவு.

"ஜோய்க்கா? நான்தான்." கொஞ்சம் நிறுத்தினார். அவர் குரல் வயதாகியிருந்தது. "நவம்பர்ல சாம்போ உலகப் போட்டி. உன் பேரு பட்டியல்ல இருக்கு. எடை எவ்வளவு?"

அவள் மூச்சை இழுத்தாள். அந்த ஒன்பது சொல்லும் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. ஊரில் இருந்த கூடம் ஒன்றே ஒன்று. அதன் சாவி அவரிடம். கணுக்காலை முறுக்கும் பூட்டுப் பிடியின் கடைசி அரை அங்குலத்தைப் பார்த்துத் திருத்தத் தெரிந்த கண் ஊரை ஒட்டிய ஆற்றுக்கு இந்தப் பக்கம் வேறு யாரிடமும் இல்லை. அடுத்த கூடம் இருந்த பெர்ம் நகரத்துக்கு மூன்றரை மணி நேரம். அவளுக்கு வயது இருபத்தெட்டு.

"ஐம்பத்தெட்டரை," என்றாள்.

"ரெண்டரை கிலோ. ஒண்ணும் இல்ல, இறக்கிடலாம். நாளைக்கு வர்றியா?"

"எத்தனை மணிக்கு?"

"ஏழு. லேட் பண்ணாதே."

அவர் வைத்துவிட்டார். அப்பா கதவருகே நின்றிருந்தார்.

"சொல்லப் போறேன் சொல்லப் போறேன்னியே. சொன்னியா?"

ஜோயா அடுப்புப் பக்கம் திரும்பினாள். சட்டியில் ஆறு பொசிகுன்சிக்கி ஒரு பக்கம் கறுத்துவிட்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டாள்.